ஸ்டால் 61-ல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்

1

ஸ்டால் பட்டியலை நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று போனில் சொன்னபோது, கோவில்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் அண்ணன், "என்ன யாவாரம்ட்டி, பொருட்காட்சியா?" என்று கேட்டான். அவனுக்கு விளக்கியதையே இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது கனடாவில், வான்கூவருக்குப் பக்கத்துப் புறநகர் ஒன்றில், பதினான்கு மாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில். கட்டடத்துக்கு அடியில் இரண்டு தளங்களுக்குக் கார் நிறுத்தும் இடம். தரையில் வெள்ளைக் கோடு போட்டு, தூணில் எண் எழுதியிருக்கும். அந்தக் கோட்டுக்குள் இருக்கும் இடத்துக்குப் பெயர்தான் ஸ்டால். ஒவ்வொரு வீட்டின் உரிமையாளருக்கும் ஒன்று. கார் இல்லாதவர்கள் தங்கள் ஸ்டாலை, அதே கட்டடத்தில் குடியிருக்கும் இன்னொருவருக்கு வாடகைக்கு விடலாம். வெளியாளுக்கு விடக் கூடாது. எந்த ஸ்டாலில் எந்த வீட்டுக் கார் நிற்கிறது என்று ஒரு பட்டியல் வேண்டும். மூன்று வருடம் அந்தப் பட்டியல் என் கையில் இருந்தது.

போன வாரம் அதை இன்னொரு பெண்ணிடம் ஒப்படைத்தேன். கட்டட விதிகளைப் படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்று, "இது எதற்கு?" என்று கேட்டாள். நிறுத்திய வாகனத்துக்குள் கால்மணி நேரத்துக்கு மேல் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது அந்த விதி. பாதுகாப்புக்காக என்று சொல்லி முடித்துக்கொண்டேன். அந்த விதி என்னால் வந்தது என்று சொல்லவில்லை.

2

எங்கள் கட்டடத்தில் திருட்டு ஆரம்பித்தது இரண்டு வருடங்களுக்கு முந்தைய இலையுதிர் காலத்தில். முதலில் இரண்டு சைக்கிள்கள். அடுத்து ஒரு காரின் கண்ணாடியை உடைத்து, உள்ளே கிடந்த குளிர்கோட்டை எடுத்துப் போனார்கள். பிறகு ஒரே வாரத்தில் நான்கு கார்கள். பூட்டு எதையும் உடைக்காமல் திருடன் எப்படி உள்ளே வருகிறான் என்பது யாருக்கும் விளங்கவில்லை.

காரை உள்ளே விட்டதும் கொஞ்ச தூரம் போய் நிறுத்தி, பின்னால் இரும்புக் கதவு முழுக்க இறங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். இல்லையென்றால் பின்னாலேயே இன்னொருவன் நுழைந்துவிடுவான். யாரும் காத்திருக்கவில்லை. வேலை முடிந்து வருகிறவனுக்கு அரை நிமிடம் பெரிது. நிர்வாகக் குழு கேமராக்களின் எண்ணிக்கையைக் கூட்டியது. பகலில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை காவலர் வந்து சுற்றிவிட்டுப் போக ஏற்பாடு செய்தது. லிஃப்டுக்குள் ஒரு காகிதம் ஒட்டினார்கள்: 'தெரியாத முகத்தைக் கண்டால் தெரியப்படுத்துங்கள்.'

ஊரில் இப்படி இல்லை என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் இடைசெவலிலிருந்து தினமும் சைக்கிளில் வந்து, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஸ்டாண்டில் விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் பஸ் ஏறியவள் நான். ஒருநாள் திரும்பி வந்தபோது டோக்கன் என் கையில் இருந்தது, சைக்கிள் இல்லை. ஸ்டாண்ட்காரர் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்பர் சரியாத்தான் இருக்கு" என்றார். ஐந்து மைல் நடந்தே வீடு போனேன். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. திருட்டு எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆனால் அந்த ஸ்டாண்டில் தெரியாத ஒரு ஆள் நின்றால், யாராவது போய், "யாரு, எந்த ஊரு?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார்கள். அது மரியாதையா, வம்பா என்று அப்போது யோசித்ததில்லை.

3

எனக்கு ஆஸ்பத்திரியில் வேலை. அறுவைசிகிச்சைக் கருவிகளைச் சுத்தம் செய்து அடுக்கும் பிரிவு. மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் போவேன். காலையில் கீழ்த்தளத்துக்குப் போகிற வேலை இருக்கும், எங்கள் சாமான் அறை அங்கேதான்.

நவம்பர் மாதம், விடாமல் மழை பெய்த ஒரு வாரம். ஸ்டால் 61-ல் நின்ற சாம்பல் நிறக் காருக்குள் ஒருவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். முன் இருக்கையைச் சாய்த்துப் போட்டு, தலையில் குரங்குக் குல்லாவோடு. பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு துண்டைத் தொங்கவிட்டிருந்தார். யாரையோ கூட்டிப்போக வந்திருப்பார் என்று நினைத்தேன். மறுநாளும் இருந்தார். மூன்றாம் நாள் நான் கிட்டப் போனபோது, துண்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். எனக்குப் பயமாகிவிட்டது.

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், பள்ளிக்கு இரண்டு நாள் விடுமுறையென்று வீட்டில் இருந்த என் மகள் நிலாவிடம் சொன்னேன். அவளுக்குப் பதினேழு வயது. அலுவலகக் கடிதமென்றால் அவள்தான் எழுதுவாள். எனக்கு இங்கிலீஷ் பேச வரும், ஆனால் எழுதினால் பிழை வரும், அதைப் பார்த்து அவள் சிரிப்பாள். "61-ல ஒருத்தர் மூணு நாளா உக்காந்திருக்காரு. யாருன்னு சந்தேகமா இருக்கு. வந்து பாக்கச் சொல்லி பில்டிங் மேனேஜருக்கு எழுதிரு" என்றேன். இரண்டு நிமிடத்தில் எழுதி அனுப்பிவிட்டாள். நான் படித்துப் பார்க்கவில்லை.

61-ஆம் ஸ்டால் இரண்டாம் மாடிக் கிழவி ஒருவருடையது. அதை 904-ஆம் வீட்டில் குடியிருந்தவர் வாடகைக்கு எடுத்திருந்தார். பட்டியலில் ஆட்களின் பெயர் இருக்காது, வீட்டு எண்தான் இருக்கும். ஆனாலும் அந்த எண் எனக்குத் தெரியும். லிஃப்டில் மூன்று மாடி ஏறிக் கதவைத் தட்டி, "உங்கள் காரில் இருப்பது யார்?" என்று கேட்டிருக்கலாம். நான் போகவில்லை.

4

மறுநாள் காலை பத்தரை மணிக்கு மேனேஜர் என்னைப் போனில் கூப்பிட்டார். கீழே ஒரு ஆள் காருக்குள் பூட்டிக்கொண்டு இருக்கிறார், கதவைத் திறக்கச் சொன்னால் திறக்கவில்லை, காவலர் போலீசைக் கூப்பிட்டுவிட்டார், அந்த ஆள் பேசுவது உங்கள் பாஷையாக இருக்குமோ என்றார்.

நான் போனபோது காவலர் காரின் முன்னால் நின்று, கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். குல்லா கழன்று, நரைத்த தலை தெரிந்தது. கண்ணாடி மூடியிருந்ததால் அவர் சொல்வது பாதிதான் கேட்டது.

"வண்டி எம் மவனுக்கு. மவன் மேல இருக்கான். வண்டிக்குள்ள இருந்தா யாருக்கும் தொறக்கக் கூடாதுன்னு எப்பவும் சொல்லுவான், திருடன் வாரானாம்."

பதினெட்டு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பேச்சை இங்கே தொலைபேசிக்கு வெளியே கேட்டது அன்றுதான்.

கண்ணாடி பக்கத்தில் குனிந்து, "அண்ணாச்சி, நான் கோவில்பட்டிப் பக்கம். கதவைத் தொறங்க, ஒண்ணும் செய்ய மாட்டாங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "கோவில்பட்டியில எங்கன?"

"இடைசெவல்."

கதவு திறந்தது. இறங்கும்போது அவர் கால் மரத்துப்போயிருந்தது, என் தோளைப் பிடித்துக்கொண்டு சீட்டின் ஓரத்திலேயே மறுபடி உட்கார்ந்தார். அவருக்கு சவரிமுத்து என்று பெயர் வைத்துக்கொள்வோம். அறுபத்தெட்டு வயது. புதியம்புத்தூரில் முப்பது வருடத்துக்கு மேல் கட்டிங் மாஸ்டர். ரெடிமேட் துணியை அடுக்கி வைத்து ஒரே வெட்டில் அறுக்கிற வேலை. மனைவி இறந்த பிறகு, ஆறு மாதம் இருந்துவிட்டு வரட்டும் என்று மகன் இங்கே கூட்டி வந்திருக்கிறான்.

போலீஸ்காரர்கள் இருவர் வந்தார்கள். ஒரு பெண், ஓர் ஆண். அதட்டவில்லை. பெயர், பிறந்த தேதி, எங்கே தங்கியிருக்கிறார் என்று கேட்டார்கள். நான் மொழிபெயர்த்தேன். அவர் ஒவ்வொரு கேள்விக்கும் எழுந்து நிற்கப் பார்த்தார். பாஸ்போர்ட் எங்கே என்று கேட்கும்முன்பே சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார். அது கைதவறிக் கீழே விழுந்தது. அந்தப் பெண் போலீஸ் குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

அவர்கள் தள்ளிப்போய் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "இங்கன எதுக்கு அண்ணாச்சி உக்காந்திருக்கீங்க? வீடு மேலதான இருக்கு?"

"வீட்ல ஒரே ரூமுதான தாயி. அவனும் மருமவளும் வீட்ல இருந்தேதான் வேலை பாக்குதாவ. காலையில எட்டுல இருந்து கம்ப்யூட்டர்ல பேச்சு. ஒருத்தர் சமையக்கட்டுல, ஒருத்தர் படுக்கையில. நான் இருமுனாக்கூட அங்கிட்டு உள்ளவனுக்குக் கேக்குதாம். எனக்குச் சத்தமாத்தான் பேச வரும். மிஷின் சத்தத்துக்குள்ளயே கெடந்த ஆளுலா."

"மகன் கீழ போகச் சொன்னாரா?"

"சேச்சே. அவன் அப்படிச் சொல்லுவானா? லைப்ரரிக்குப் போறேன்னு நாந்தான் சொல்லுதேன். ரெண்டு நாளு போனேன். அங்கன எல்லாரும் படிக்கிறாவ, நான் சும்மா உக்காந்திருக்கேன். ஒரு மாதிரி இருந்துச்சி. மழை வேற. மூணு வாரமா இங்கனதான். நம்ம வண்டி, பூட்டிக்கிட்டா யாருக்கும் தொந்தரவு இல்ல. ஒரு மணிக்குச் சாப்பிட மேல போவேன்." பிறகு, "மவன்ட்ட சொல்லிராதீங்க" என்றார்.

போலீஸ்காரர்கள் தவறு ஒன்றும் இல்லை என்று சொல்லிக் கிளம்பினார்கள். காவலர் தன் படிவத்தைக் காட்டி, புகார் கொடுத்த வீடு 602 சரிதானா என்று என்னிடம் கேட்டார். 602 என் வீடு. கூடவே மின்னஞ்சலின் நகலும் இருந்தது. நிலா எழுதியது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. 'சஸ்பிஷியஸ் மேன்' என்று இருந்தது. மூன்று நாளாகக் கார்களை நோட்டம் விடுகிறார் என்றும் ஒரு வரி.

சவரிமுத்து அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொல்லுதான்?"

சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. எப்படியோ வாயில் வந்துவிட்டது. "எழுதிப்போட்டது நான்தான் அண்ணாச்சி."

அவர் கோபப்படவில்லை. குல்லாவைத் தட்டித் தலையில் மாட்டிக்கொண்டார்.

"மூணு நாளா இந்தப் பக்கம் போனீங்கல்லா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா."

5

அன்று வேலைக்குப் போகும்முன் நிலாவிடம் மின்னஞ்சலைக் காட்டினேன்.

"நீங்கதான சந்தேகம்னு சொன்னீங்க" என்றாள். "சந்தேகம்னா அதுதான மீனிங்?"

அவள் சொன்னதிலும் தப்பில்லை. யாரென்று தெரியவில்லை என்பதற்கும் நாம் சந்தேகம் என்றுதான் சொல்கிறோம், ஆளை நம்பவில்லை என்பதற்கும் அதைத்தான் சொல்கிறோம். எது என்பது சொல்கிறவரின் குரலில் இருக்கிறது. என் குரலை அவள் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள் என்று பஸ்ஸில் போகும்போது தோன்றியது. 'நோட்டம் விடுகிறார்' என்ற வரியை எதற்குச் சேர்த்தாய் என்று கேட்டதற்கு, "அப்படிப் போட்டாத்தான் வந்து பாப்பாங்க" என்றாள். இங்கே வளர்ந்த பிள்ளைக்குக் கடிதம் எப்படி வேலை செய்யும் என்று தெரியும்.

மகனிடம் சொல்லாதீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டது பலிக்கவில்லை. நான்கு நாளில் 904-க்கு நிர்வாகக் குழுவின் கடிதம் போய்விட்டது. ஸ்டாலை முறைகேடாகப் பயன்படுத்தியதற்காக வாடகை ஒப்பந்தம் ரத்தாகலாம், விளக்கம் தரவும். நகல் வீட்டு உரிமையாளருக்கும் போயிருந்தது. 904-காரர்கள் வீட்டிலும் வாடகைக்குத்தான் இருந்தார்கள். உரிமையாளர் மனம் கோணினால் வீட்டையே காலி செய்யச் சொல்லிவிடலாம்.

சனிக்கிழமை காலை மகன் எங்கள் கதவைத் தட்டினான். முப்பத்திரண்டு வயது இருக்கும். சண்டைக்குத்தான் வந்திருந்தான்.

"நீங்க நம்ம ஊருன்னு அப்பா சொன்னாரு. நம்ம ஊர்க்காரங்க செய்யுத வேலையா அக்கா இது?"

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நடந்ததைச் சொன்னேன், ஒன்றையும் குறைக்காமல். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், பிறகு செருப்பு அடுக்கியிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"லைப்ரரிக்குத்தான் போறாருன்னு நெனச்சேன்" என்றான். "சட்டை நனையாம வாராரு, குடையும் காய்ஞ்சிதான் கெடக்கு. பாத்தேன் அக்கா. கேக்கல. அவரு வெளியே போனா எங்களுக்கு வசதியா இருந்துச்சி."

என் கணவர் காபி கொண்டுவந்து வைத்தார். அவன் எடுத்துக் குடித்தான்.

6

நிர்வாகக் குழு மாதம் ஒருமுறை கூடும். விளக்கக் கடிதத்தை எழுதித் தருகிறேன் என்று நிலா சொன்னாள். வேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். ஏழு பேர் உட்கார்ந்திருந்த மேசை. தலைவர் ஓய்வுபெற்ற எஞ்சினியர். நான் தயார் செய்துகொண்டு போனதெல்லாம் மறந்துபோய், எனக்கு வந்த இங்கிலீஷில் மூன்று வாக்கியம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு யாரென்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காருக்குள் அந்தப் பெரியவர் மூன்று வாரமாக இருந்திருக்கிறார், அப்படியென்றால் எதையாவது பார்த்திருப்பாரா என்று ஒரு அம்மாள் கேட்டாள். அதை நான் ஏற்கெனவே அண்ணாச்சியிடம் கேட்டிருந்தேன். அவர் சொன்னது இது: திருடன் கார்கள் நுழையும் இரும்புக் கதவு வழியாக வருவதில்லை. வடக்கு மூலைப் படிக்கட்டுக் கதவைத் தள்ளினாலே திறக்கிறது. சுருட்டிய அட்டைத் துண்டு ஒன்றைப் பூட்டு விழும் குழியில் யாரோ திணித்து வைத்திருக்கிறார்கள். "சட்டைக்குக் காலர் அட்டை வைக்கோம்லா, அந்த கனம்" என்று அவர் அளவுகூடச் சொல்லியிருந்தார்.

"பார்த்தவர் ஏன் சொல்லவில்லை?" என்று தலைவர் கேட்டார்.

யாரிடம், எந்த மொழியில் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. தெரியாது என்று மட்டும் சொன்னேன்.

அன்றே போய்ப் பார்த்தார்கள். அட்டை இருந்தது. பூட்டை மாற்றினார்கள். திருட்டு முழுக்க நின்றுவிடவில்லை, வெகுவாகக் குறைந்தது. 904-க்கு அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். ஸ்டால் 61 அவர்களிடமே இருந்தது. அதே கூட்டத்தில்தான் அந்தக் கால்மணி நேர விதியும் வந்தது. ஏழு பேரும் கை தூக்கினார்கள். ஆக, அண்ணாச்சிக்கு இருந்த அந்த ஓரிடமும் போனது.

அதன் பிறகு காலை வேளைகளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். முதலில் தயங்கினார். மகன்தான் கொண்டுவந்து விட்டான். எங்கள் வீட்டில் அவர் எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் பேசலாம். என் ஆஸ்பத்திரிச் சீருடையைப் பார்த்து, "எந்தப் பய வெட்டுனான் இத, கை ரெண்டும் ரெண்டு தினுசா இருக்கு" என்று பிரித்துத் தைத்துக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோல நிலாவை ஏட்டி என்று கூப்பிட்டார். அவள் முதலில் விழித்தாள், பிறகு பழகிவிட்டது. பிப்ரவரியில் ஆறு மாதம் முடிந்து ஊருக்குப் போனார். மகன் இன்னும் மூன்று மாதம் விசாவை நீட்டலாம் என்றான். அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

7

போன ஆடியில் நான் ஊருக்குப் போயிருந்தபோது அவரைப் பார்க்கப் போனேன். ஓட்டப்பிடாரத்தில் பஸ் மாறினேன். இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல், விதைப்புக்கு மழையை எதிர்பார்த்துக் கிடந்தது. புதியம்புத்தூரில் இறங்கி விசாரித்ததும் கம்பெனியைக் காட்டிவிட்டார்கள். அவர் மறுபடி வேலைக்குப் போகிறார், பாதி நாள் மட்டும். நீண்ட மேசையின் மேல் பள்ளிச்சீருடைத் துணி அடுக்கியிருந்தது. பதினைந்து மிஷின்கள் ஓடின.

என்னைப் பார்த்ததும் மிஷின்களை நிறுத்தச் சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் சொல்லியிருக்கேன்லா, அந்த இடைசெவல் அம்மா. இவியதான். அங்கன போலீசு என்னயத் தப்பா நெனச்சிப் பிடிச்சப்போ, ஓடி வந்து மீட்டுக் கொண்டாந்த தாயி."

பெண்கள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் கண் கலங்கிவிட்டார். யாரோ நாற்காலி போட்டார்கள், யாரோ கலர் சோடா வாங்கி வந்து உடைத்துக் கொடுத்தார்கள். "அப்படி இல்ல..." என்று நான் ஆரம்பித்தேன். "குடிங்க, குடிங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்று அண்ணாச்சி பேச்சை வெட்டிவிட்டார்.

பஸ் ஸ்டாப்புக்கு அவரும் கூட வந்தார். வேப்பமர நிழலில் வேறு யாரும் இல்லை.

"எழுதிப்போட்டது நான்தான்னு ஏன் அண்ணாச்சி சொல்லல?"

"சொன்னா, நீங்க எதைப் பாத்து எழுதுனீங்கன்னு ஊர்க்காரன் கேப்பான். அப்பன் எதுக்குக் காருக்குள்ள போயி உக்காந்தான்னு கேப்பான். எம் மவன் பேரு கெட்டுப்போகும். நீங்க மீட்டீங்கன்னு சொன்னா, நல்ல மனுசின்னு சொல்லிட்டு அவனவன் சோலியப் பாக்கப் போயிருவான்."

எனக்காகத்தான் மறைத்தார் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல அண்ணாச்சி, நடந்ததை நடந்தபடி எழுதணும்னு எனக்கு இருக்கு."

ஓட்டப்பிடாரம் பஸ் தூரத்தில் தெரிந்தது.

"எழுதுங்க. எம் பேர மாத்திப் போடுங்க. மவனுக்கு எந்தப் பேரும் போட வேண்டாம்" என்றார். பிறகு கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தினார்.